பெரிய மரங்களை அளக்கப் போகிறீர்களா? சணல் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள்

மரம் அளக்கச் சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் சின்னமலையில் இறங்கலாம், மிச்சத்துக்கு ஆட்டோ. உள்ளே விடும் நாள், நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மரத்தில் கயிறு சுற்றுவதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பத்து மீட்டர் சணல் கயிறு போதும். தையல் டேப் 150 செ.மீ.தான், வயதான தூங்குமூஞ்சி மரத்தைப் பாதிகூடச் சுற்றாது. நைலான் வேண்டாம்: இழுக்கும்போது நீளும், விட்டதும் சுருங்கி அளவைக் குறைத்துக் காட்டும்.

சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அது உங்கள் சட்டையில் எத்தனையாவது பொத்தான் என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது மரத்தின் பின்பக்கம்தான். நாலு மீட்டர் சுற்றுள்ள மரத்தில் பின்னால் கயிறு 30 செ.மீ. ஏறிப்போனாலே ஐந்தாறு சென்டிமீட்டர் கூடிவிடும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று பிடிக்கட்டும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம்.

உயரத்துக்குக் குச்சி. கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள நீளத்துக்குப் பிடிக்கு மேலே குச்சி நிற்கும்படி பிடியுங்கள். அடிமரம் பிடியிலும் உச்சி குச்சி நுனியிலும் பொருந்தும்வரை பின்னால் நடங்கள். அங்கிருந்து மரம் வரை எத்தனை மீட்டரோ, அதுதான் உயரம். குடைபோல விரிந்த மரத்தில் இது ஏமாற்றும். உச்சி என்று நீங்கள் பார்ப்பது முன்னால் நீண்ட கிளையாக இருக்கும். குச்சியைப் பாதியாக்கி, இரண்டு மடங்கு தூரம் போய், வந்த தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஆலமரத்துக்கு இந்தச் சுற்றளவுக் கணக்கு உதவாது. சபைத் தோட்டத்தின் புகழ்பெற்ற ஆலின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பவை விழுதுகள். கிளைகள் விரிந்த அகலத்தை இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்தின் பருமனை வைத்து வயது சொல்லாதீர்கள். பல தண்டுகள் ஒட்டி வளர்ந்திருக்கலாம். நீரைத் தேக்கும் மரம் என்பதால் பருவத்துக்குப் பருவம் சுற்றளவே மாறும். வறண்ட மாதங்களில் மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பட்டுப்போனது என்று நினைப்பவர்களும் உண்டு.

பழகிப் பார்க்கத் தெருமுனை அரசமரம் போதும். திருவொற்றியூர் கோயில் மகிழமரத்தில் மட்டும் கயிறு சுற்றாதீர்கள். குச்சியால் உயரம் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.