தோல், முடி, சுரப்பி, நகம்: புதிதாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் படிப்பு, பிசியோதெரபி, அழகுக்கலைப் பயிற்சி என்று எதற்கு வந்தாலும், தோல் பாடம் எளிது என்ற நினைப்போடுதான் பெரும்பாலானவர்கள் உள்ளே வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற உறுப்பு, சில அடுக்குகள், சில பெயர்கள், அவ்வளவுதானே என்று. தீக்காயப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது உடற்கூறியல் சொல்லித்தருகிறேன். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது பிடித்துக்கொண்ட அதே தப்பான எண்ணங்களை ஒவ்வொரு புது வகுப்பும் பிடித்துக்கொள்கிறது. அடுக்குகளின் பெயரை வரிசை மாற்றி எழுதுவதெல்லாம் இரண்டு முறை படித்தால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். பரீட்சையில் தேறிய பிறகும் கூடவே வந்து, நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது வெளிப்படுகிற தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

## தோலடிக் கொழுப்பையும் தோல் என்றே எண்ணுவது

தோல் இரண்டு அடுக்குதான். மேலே மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல். படத்தில் அதற்கும் அடியில் மஞ்சளாக வரைந்திருக்கும் கொழுப்புப் பகுதி, தோலைக் கீழே இருக்கிற தசையோடு இணைக்கிறது. தோல் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது.

ஊசி கைக்கு வந்ததும் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். காசநோய்ப் பரிசோதனைக்கான டியூபர்குலின் மருந்து 0.1 மில்லிதான், அதை உள்தோலுக்குள்ளேயே விட வேண்டும். ஊசி ஏறக்குறையப் படுத்த நிலையில், 5 முதல் 15 டிகிரி சாய்வில் போக வேண்டும். மருந்து இறங்கும்போது 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிறிய சிறு மேடு ஒன்று எழும்ப வேண்டும். மேடு எழும்பவில்லையா, மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி மறுபடியும் போட வேண்டும். இன்சுலினுக்கு இதற்கு நேர்மாறு, அது கொழுப்புக்குத்தான் போய்ச் சேர வேண்டும். தோல் எங்கே முடிகிறது என்று தெரியாதவர் இந்த இரண்டையுமே குத்துமதிப்பாகத்தான் செய்வார்.

## மயிர்க்காலும் சுரப்பியும் உள்தோலுக்குச் சொந்தம் என்று நினைப்பது

இந்தத் தவறு மட்டும் இன்றுவரை எனக்கு எரிச்சலைத் தருகிறது. இதற்கு விலை கொடுப்பவர் நோயாளி.

எந்தப் படத்தைப் பார்த்தாலும் மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி எல்லாம் உள்தோலில்தான் கிடக்கும். உள்தோலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மாணவர்களும் கொலாஜன், இரத்தக்குழாய், நரம்பு என்று தொடங்கி, அதே மூச்சில் மயிர்க்கால், சுரப்பி என்று முடிப்பார்கள். இருக்கும் இடம் சரி. ஆனால் அவை முளைத்த இடம் அது இல்லை. கரு வளரும்போது மேல்தோலின் செல்கள் கீழ்நோக்கி வளர்ந்து இறங்கித்தான் மயிர்க்காலும் சுரப்பியும் உண்டாகின்றன. கையுறையின் விரலை உள்பக்கமாகத் தள்ளிவிட்டால் வெளித்துணியே உள்ளே போய் நிற்கும் அல்லவா, அப்படித்தான் இதுவும். உள்தோலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் மயிர்க்காலின் சுவர் மேல்தோல் வகைச் செல்களால் ஆனது. அதன் அடியில் முடியின் வளர்ச்சியைத் தூண்டுகிற பாப்பிலா என்ற சிறு முடிச்சு உள்தோலின் திசு.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வகுப்பில் கேட்பார்கள். காயம் ஆறுவதே இதை வைத்துத்தான்.

மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். புதிய செல் மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்து, இறந்து, செதிலாக உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தீயோ கொதிநீரோ ஒரு இடத்தில் மேல்தோலை முழுக்க அழித்துவிட்டால், புதிய மேல்தோல் எங்கிருந்து வரும்? காயத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சம் வரும். மீதி, உள்தோலுக்குள் தப்பிப் பிழைத்த மயிர்க்கால்களின் சுவரிலிருந்தும் வியர்வை நாளங்களிலிருந்தும் ஏறி வரும். உள்தோலின் மேல்பகுதி வரைக்கும் வெந்த காயம் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் தானே மூடிக்கொள்வது இதனால்தான். உள்தோல் அடிவரை வெந்துவிட்டால் மயிர்க்காலும் சுரப்பியும் சேர்ந்தே போய்விடும். பிறகு ஓரத்திலிருந்து மட்டும்தான் தோல் வளர முடியும். காயம் மிகச் சிறியதாக இருந்தாலொழிய தோல் ஒட்டு வைக்க வேண்டிவரும்.

அந்த ஆழத்தில் நரம்பு முனைகளும் எரிந்துபோகும். ஆழமான காயத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் நோயாளிக்கு வலிக்காது. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "வலி இல்லை, லேசான காயம்." போய்ப் பார்த்தேன். முன்கையில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்து, பதனிட்ட தோல் போல விறைத்திருந்தது. அழுத்திப் பார்த்தால் நிறம் மாறவில்லை. அதில் மிஞ்சியிருந்த முடியைப் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்தது. பக்கத்துக் கட்டிலில் கை சிவந்து, கொப்புளம் கட்டி, வலியில் துடித்துக்கொண்டிருந்தவரைத்தான் அவர் அவசரமானவர் என்று குறித்திருந்தார். அந்தக் கை ஒட்டு எதுவும் இல்லாமல் ஆறியது. அமைதியாகப் படுத்திருந்தவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அந்த மாணவி சோம்பேறி இல்லை, பாடத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். முடி சுலபமாக வருகிறது என்றால் மயிர்க்கால் செத்துவிட்டது, மயிர்க்கால் செத்தால் புதிய தோலுக்கு விதை இல்லை என்ற கோர்வையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதையே தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆழமான தீக்காயம் வலிக்காது என்று படித்துவிட்டு, வலி மருந்து எதற்கு என்று நினைப்பார்கள். ஒரே காயத்தில் ஆழம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நடுவில் உணர்ச்சி செத்திருக்கும். சுற்றியுள்ள ஆழம் குறைந்த பகுதியில் நரம்பு உயிரோடு இருக்கும், அங்கே வலி கடுமையாக இருக்கும். அப்புறம், முதல் நாள் பார்த்த ஆழமே இறுதி என்று எழுதிவைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் காயம் இன்னும் ஆழமாகலாம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

தோல் ஒட்டு விஷயத்திலும் இதே தவறு தலைநீட்டும். தொடையிலிருந்து தோல் எடுக்கப்போகிறார்கள் என்றதும் உறவினர்கள் பயந்துபோய், "அப்போ தொடையில் தோலே இருக்காதா?" என்று கேட்பார்கள். "அங்கே இனிமேல் வளராது, தழும்புதான்" என்று பயிற்சிக்கு வந்த ஒருவர் பதில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் இழுத்தடித்தது. மெல்லிய ஒட்டுக்கு மேல்தோலையும் உள்தோலின் ஒரு பங்கையும் மட்டும்தான் சீவி எடுக்கிறார்கள். மீதியுள்ள உள்தோலில் மயிர்க்கால்களின் அடிப்பகுதி அப்படியே இருக்கும். அதனால் எடுத்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். மயிர்க்கால் நெருக்கமாக உள்ள தலையில் எடுத்தால் இன்னும் சீக்கிரமே ஆறும். முழு ஆழத்துக்கும் தோலை எடுத்தால் மட்டும் அந்த இடத்தைத் தைத்து மூட வேண்டும்.

வைத்த ஒட்டின் கதை வேறு. மெல்லிய ஒட்டில் சுரப்பிகள் முழுமையாக வருவதில்லை. அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்காது, காய்ந்து வெடிக்கும். வியர்வை சரியாக வராது. பெரிய பரப்பில் ஒட்டு வைத்தவர் வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடுவார். வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் பலமுறை ஈரப்பசை களிம்பு தடவச் சொல்லுங்கள். எதற்காக என்றும் சொல்லுங்கள், காரணம் புரிந்தவர்கள்தான் மாதக்கணக்கில் விடாமல் தடவுகிறார்கள்.

## வியர்வைச் சுரப்பி எல்லாம் ஒன்றுதான் என்பது

உடலைக் குளிரவைக்கும் எக்ரைன் சுரப்பிகள் 20 முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன. அவை நேராகத் தோலின் மேற்பரப்பில் திறக்கும். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் உள்ள அபோக்ரைன் சுரப்பிகள் மயிர்க்காலுக்குள் திறக்கும். பருவமடைந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதில் சுரப்பதற்கு வாடை கிடையாது, பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது.

மாணவர்கள் தவறாமல் சறுக்குகிற இடம் இன்னொன்று. எக்ரைன் சுரப்பிக்குப் போவது, நம் விருப்பமின்றித் தானே இயங்கும் சிம்பதெடிக் நரம்பு. அந்த வகை நரம்பின் முனையில் பொதுவாக நார்அட்ரினலின் வெளியாகும், ஆனால் இங்கே வெளியாவது அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அசெட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் மருந்து கொடுத்தவருக்கு வியர்வை நின்று உடம்பு சூடாவதும், அதைச் சிதையவிடாத ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷத்தில் வியர்த்துக் கொட்டுவதும் இதனால்தான். இந்த இரண்டு நோயாளிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பிறகு மறக்காது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, மயிர்க்காலும் இல்லை.

## மழித்தால் முடி தடிக்கும்

தடிக்காது. கத்தி படுவது இறந்த தண்டில். வளர்ச்சி நடப்பது தோலுக்கு அடியில்.

## முடி கொட்டினால் போன வாரத்தில் காரணம் தேடுவது

தலைமுடி ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. அவை கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால் புது ஷாம்பூவைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

## கறுத்த தோலில் மெலனின் செல்கள் அதிகம்

எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அந்தச் செல்கள் தயாரிக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள்களின் அளவும், அவை பரவி நிற்கும் விதமும், எவ்வளவு நாள் சிதையாமல் இருக்கின்றன என்பதும்தான் மாறுகின்றன.

## லாங்கர்ஹான்ஸ் செல்லையும் லாங்கர்ஹான்ஸ் திட்டையும் குழப்புவது

முதலாவது மேல்தோலில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல், இரண்டாவது கணையத்தில் இருக்கும் செல்களின் கூட்டம். பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஒரே மனிதர் 1868-லும் 1869-லும் அடுத்தடுத்து இரண்டையும் விவரித்தார்.

## நகத்தைப் பார்த்துவிட்டு அதன் வேரை மறப்பது

கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரற்ற கெரட்டின் தகடு. அதை உண்டாக்குவது நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வேர்ப்பகுதி. அதன் முன்விளிம்புதான் வெள்ளைப் பிறையாகத் தெரிகிறது. நகம் கழன்று விழுந்தாலும் வேர் நன்றாக இருந்தால் திரும்ப வளரும். வேரில் அடிபட்டால் நகம் நிரந்தரமாகவே கோணலாகலாம். நகத்தின் அடியை ஒட்டிய மெல்லிய தோல் கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைக்கிறது, அழகுக்காக அதை வெட்டி எடுக்கக் கூடாது.

நகத்தில் சிறு வெள்ளைப் புள்ளி கண்டதும் கால்சியம் மாத்திரை சொல்வது இன்னொரு பழக்கம். பெரும்பாலும் அது வேரில் பட்ட சின்ன அடி. குறுக்கே பள்ளமாகக் கோடு பல நகங்களில் ஒரே உயரத்தில் தெரிந்தால் அதைக் கவனியுங்கள். கடும் நோயின்போது வேர் சற்று நின்றுபோனதன் தடம் அது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கோடு அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்பு என்ன நோய் வந்தது என்று விசாரிக்கலாம்.

பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டு, நகம் அப்படியே இருக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். கெட்டுப்போன தகடு திரும்ப நன்றாக ஆகாது. புதிய நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். விரல் நகத்துக்கு ஆறு மாதம், கால் கட்டைவிரலுக்கு 12 முதல் 18 மாதம் பிடிக்கும். மருந்துச் சீட்டைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.