உடற்கல்வி வகுப்பில் ஒருவரும் ஓரமாக உட்காராமல் விளையாட்டுக் கற்பிப்பது எப்படி?

பிள்ளைகள் திடலுக்கு வந்ததும் ஒரு வாலிபாலைத் தூக்கிப் போட்டுவிட்டால் பீரியடு தானாக ஓடிவிடும் என்பது உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு மாணவியை மட்டும் கவனித்து, பந்து அவள் கையில் எத்தனை முறை படுகிறது என்று எண்ணினேன். ஆட்டம் முடியும்வரை மூன்றே முறைதான் பட்டது. அதிலும் இரண்டு முறை, வெளியே உருண்ட பந்தை அவள் எடுத்துக் கொடுத்தது. உண்மையில் விளையாடியவர்கள் ஏற்கெனவே பள்ளி அணியில் இருந்த ஏழெட்டுப் பேர். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வேப்பமரத்தடியில் பைகளுக்குக் காவல் இருந்தார்கள். குறுவட்டப் போட்டிக்கு அணியைத் தயார் செய்வது காலையிலோ மாலையிலோ, பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டிய வேலை. பாடவேளை வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் உரியது. ஆகவே எந்த விளையாட்டைக் கற்பித்தாலும் அதன் விதிகளையும் ஆடுகளத்தையும் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலில் ஆண்டுத் திட்டம். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் கிடைத்தால் ஒரு விளையாட்டுக்கு ஆறு வாரம், அதாவது 12 வகுப்புகள் ஒதுக்குங்கள். அதற்குக் குறைந்தால் கை பழகுவதற்குள் விளையாட்டு மாறிவிடும். ஒன்றுக்கொன்று உறவுள்ள விளையாட்டுகளை அடுத்தடுத்து வைப்பது நல்லது: கோ-கோவில் திரும்பவும் குனியவும் பழகிய கால்களுக்குக் கபடி எளிதாக வரும், எறிபந்தில் பந்தின் பாதையைக் கணிக்கப் பழகிய கண்களுக்கு வாலிபால் பயம் தராது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்களுக்குச் சதுரங்கமும் கேரமும் வகுப்பறைக்குள்ளேயே இருக்கட்டும். இந்தத் திட்டத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. "இந்த ஒரு பீரியடு மட்டும் கொடுங்கள் சார், கணக்கில் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது" என்று சக ஆசிரியர் கேட்கும்போது, இன்று நடத்தவிருக்கும் பாடம் இதுதான் என்று பக்கத்தைத் திறந்து காட்ட முடியும். வெறுங்கையோடு மறுப்பதைவிட அது மரியாதையானது, உறுதியானதும்கூட.

ஆடுகளம் போடுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அது அரைப் பீரியடு கணக்குப் பாடம். பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. மூலை செங்கோணமாக அமைய, ஒரு கயிற்றில் சம இடைவெளியில் பன்னிரண்டு பங்கு வருமாறு முடிச்சுப் போட்டு, 3, 4, 5 என்ற பக்கங்களுள்ள முக்கோணமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நான்கு மூலைகளிலும் ஆணி அடித்த பிறகு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையே அளந்தால் இரு பக்கமும் 14.42 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் எந்த ஆணி நகர்ந்திருக்கிறது என்று அவர்களே தேடட்டும். பிறகு கயிற்றையொட்டிச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு போனால் போதும். கோடு போட்டவர்கள் கோட்டுக்கு மதிப்புக் கொடுப்பார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கபடியில் பிடிப்பதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். பாடிப் போவதை அல்ல. விழத் தெரியாத பிள்ளைக்குப் பிடிபடுவது என்றாலே பயம். மண்ணைக் கொத்திக் கிளறி, கல், கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கிய பிறகு, இருவர் இருவராக முட்டி போட்டு நிற்க வைத்துப் பக்கவாட்டில் உருண்டு விழப் பழக்குங்கள். அடுத்து, நடந்து வருபவரின் கணுக்காலைப் பிடிப்பது. அதன் பின் இருவர் கைகோத்துச் சங்கிலியாக மறிப்பது. உடையை இழுப்பது, முடியைப் பிடிப்பது, கால்களால் கத்தரிபோல் இறுக்குவது ஆகிய மூன்றும் கூடாது என்பதை முதல் நாளிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பாடுவதற்கு ஆட்ட விதிப்படி 30 விநாடி உண்டு. பழகும் பிள்ளைகளுக்கு அது நீளமாகத் தோன்றும். 15 விநாடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். முதல் மூன்று வகுப்புகளில் தொட்டால் போதும், பிடிக்க வேண்டாம் என்று வைத்தால், ஒதுங்கி நிற்கும் பிள்ளையும் கோட்டைத் தாண்டிப் போய்ப் பாடத் துணிவாள்.

கோ-கோவுக்கு இரண்டு கம்பம் போதும் என்பதால் பொருள் வசதியில்லாத பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டுப் பேர் எதிரெதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர் விரட்ட, மூவர் மட்டுமே ஓடுகிறார்கள். ஒன்பது நிமிட ஆட்டத்தை அப்படியே வகுப்பில் நடத்தினால் "கோ" கிடைக்காமலேயே எழுந்து போகும் பிள்ளைகள் இருப்பார்கள். எனவே 27 மீட்டர் களத்தில் பாதியளவுக்கு இரண்டு சிறு களங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து பேரை உட்கார வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். உட்கார்ந்திருப்பவர் கோ விழுவதற்கு முன் எழுவதும், எழுந்தவர் ஓடத் தொடங்கிய திசையை மாற்றுவதும்தான் பழகுபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள். முதுகில் கை பட்ட பிறகே "கோ" என்ற சத்தம், சத்தம் கேட்ட பிறகே எழுவது என்ற ஒழுங்கை, ஓடுபவர்களே இல்லாமல் வரிசையாக ஐந்து முறை செய்து பார்க்கச் சொன்னால் பாதித் தவறு அன்றைக்கே குறையும்.

வாலிபாலில்தான் ஆசிரியரின் கைவேலை அதிகம். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரத்தில் வலை கட்ட வேண்டும் என்பது பெரியவர்களுக்கான அளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த உயரத்தில் பந்தை அனுப்ப முயன்றால் கை சிவப்பதுதான் மிச்சம். நான் செய்வது இது: வலையைக் குறுக்கே கட்டுவதற்குப் பதிலாக, களத்தின் நீளவாக்கில் நடுவே 18 மீட்டருக்கு ஒரு கயிற்றைக் கட்டி, தொய்யாமல் இருக்க இடையில் ஒரு மூங்கிலை ஊன்றி, கண்ணுக்குத் தெரியும்படி பழைய துணிக் கீற்றுகளைத் தொங்கவிடுவேன். உயரம், பிள்ளைகள் கையைத் தூக்கினால் விரல் நுனி எட்டும் அளவு. இப்போது களத்தை நான்காகப் பிரித்தால், 4.5 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் கொண்ட நான்கு சிறு களங்கள் கிடைக்கின்றன. பக்கத்துக்கு நால்வர் என்றால் ஒரே நேரத்தில் 32 பேர் விளையாடலாம். மீதமிருப்பவர்கள் புள்ளி எழுதட்டும், நடுவராக நிற்கட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். பந்துக்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் லேசான பிளாஸ்டிக் பந்தே போதும். முதல் வாரம் பிடித்து எறியலாம். இரண்டாம் வாரம் பிடித்து, தனக்குத்தானே மேலே போட்டு, இரு முன்கைகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து பிடிக்கக் கூடாது. பந்து வந்த பிறகு கையை வீசாமல், பந்து வருமிடத்துக்குக் கால் முதலில் போக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அந்த மூன்று வாரமும் விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஒரே வகுப்பில் ஐந்து திருத்தங்கள் சொன்னால் பிள்ளையின் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை.

தஞ்சைப் பகுதியில் பிறந்த பூப்பந்தையும் விட்டுவிட வேண்டாம். பக்கத்துக்கு ஐவர் ஆடும் அந்த விளையாட்டின் கம்பளிப் பந்து, இறகுப்பந்தைப்போல் காற்றில் அலைக்கழியாது. எனவே திறந்த திடலுக்கு ஏற்றது. கிரிக்கெட்டை எல்லோரும் கேட்பார்கள். வழக்கப்படி ஆடினால் ஒருவர் மட்டை பிடிக்க, இருபது பேர் வெயிலில் நிற்பார்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 12 பந்து என்று வைத்து, அவுட்டானாலும் ஆட்டத்தைத் தொடரவிட்டு ஓட்டத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

தடகளத்தில் குண்டு எறிதலுக்கு ஒரே ஒரு விதி உயிர் காப்பது: எறிபவர் எல்லோரும் ஒரே திசையில் எறிய வேண்டும், விசில் ஊதும்வரை யாரும் எடுக்கப் போகக் கூடாது. நீளம் தாண்டுதலில் 20 செ.மீ. பலகையைத் தொடக்கத்தில் மறந்துவிடுங்கள். மணலுக்கு முன்னால் ஒரு மீட்டர் பட்டையைச் சுண்ணாம்பால் வரைந்து, கால் ஊன்றிய இடத்திலிருந்தே அளந்தால், பலகையைப் பார்த்துத் தடுமாறி வேகத்தைக் குறைக்கும் பழக்கம் ஒட்டாது. தொடரோட்டக் கோலை வாங்க வேண்டியதில்லை, பி.வி.சி. குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புக்காகிதத்தால் தேய்த்தால் ஆயிற்று. அதை முதலில் நடந்துகொண்டே மாற்றிக் கொடுக்கப் பழக்குங்கள். வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டக் கற்ற பிறகே ஓடவிட வேண்டும்.

விளையாட வராத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் நாளில் "டீச்சர், இன்னிக்கு முடியல" என்று சொல்லும் பெண்ணிடம் காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. புள்ளிக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்தால் அவளும் வகுப்பில் இருப்பாள். அடுத்த வாரம் இயல்பாகத் திடலுக்கு வருவாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை நடுவராக மட்டுமே வைத்திருப்பதும் ஒருவகையில் ஓரங்கட்டுவதுதான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் பேருந்து ஏறி வலது காலில் பாதிப்பு ஏற்பட்ட பிறகும் பள்ளியில் எல்லோரோடும் விளையாடியவர். உயரம் தாண்டும்படி அவரைத் தூண்டியவர் உடற்கல்வி ஆசிரியர்தான்; 2016 ரியோ பாராலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். அதேபோல், ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். திடலைத் தண்டனைக்கான இடமாகப் பார்க்கப் பழகிய பிள்ளையை மீண்டும் அங்கே அழைத்து வருவது மிகக் கடினம்.

நாற்பது நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி: திடலுக்கு வந்து வருகை பார்க்க ஐந்து நிமிடம், "கல்லா மண்ணா" போன்ற ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் உடலைச் சூடாக்க ஆறு, ஒரே ஒரு நுணுக்கத்துக்குப் பத்து, சிறு களத்தில் ஆட்டத்துக்குப் பதினைந்து, மிச்சம் நான்கு நிமிடம் நிழலில். உச்சி வெயிலில் அமைந்த பாடவேளை என்றால் ஆட்டத்தின் நடுவிலும் ஒருமுறை தண்ணீர் குடிக்கவிடுங்கள். அந்தக் கடைசி நான்கு நிமிடத்தில் பிள்ளைகள் மூச்சை ஆற்றிக்கொண்டிருக்க, குழுவுக்கு ஒருவர் பந்தை எண்ணி வலைப்பையில் போட்டு, கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவர வேண்டும். நான் குறிப்பேட்டை எடுத்து, அன்று பந்தைத் தொடத் தயங்கிய இரண்டு மூன்று பெயர்களை மட்டும் எழுதிக்கொள்வேன். அடுத்த வகுப்பில் முதல் சர்வீஸ் அவர்களுக்கு.