கீக்ளோக்ல சாம்ல் அட்ரிப்யூட் அனுப்பறது எப்படி: நேம்ஃபார்மேட்டைக் கொஞ்சம் கவனிங்க

காட்பாடி பக்கத்துல ஒரு காலேஜ் லைப்ரரிக்கு கீக்ளோக்ங்கற லாகின் சர்வர் வெச்சு சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகின்ல எல்லா சைட்டும்) செஞ்சு குடுத்தேன், பசங்க வீட்ல இருந்தே இ-ஜர்னல் படிக்கணும்னு. லாகின் ஆவுது, பாஸ்வேர்டையும் ஏத்துக்குது, ஆனா ஜர்னல் சைட்டு மட்டும் மெயில் ஐடி வரலன்னு திருப்பி அனுப்பிடுது. லாகின் சர்வர்ல இருந்து சைட்டுக்கு யூசர் விவரம் போற முறைதான் சாம்ல், அதுல போற மெயில், பேரு மாதிரி ஒவ்வொரு விவரமும் ஒரு அட்ரிப்யூட். மெயில் அட்ரிப்யூட் சரியாப் போவறதுக்கு வழிதான் இது. இன்ஸ்டால், மெட்டாடேட்டா (ரெண்டு பக்கத்தோட விவர ஃபைல்) மாத்திக்கறதெல்லாம் முடிச்சிருப்பீங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

1. ஃபயர்பாக்ஸ்ல சாம்ல்-டிரேசர்ங்கற ஆட்-ஆன் போட்டுக்குங்க. லாக் ஃபைலை நோண்டிக்கினு இருக்கறதை விட இதுதான் பெஸ்ட், என்ன போவுதுன்னு கண்ணாலயே பாத்துடலாம்.

2. கீக்ளோக்ல கிளையன்ட் (அந்த ஜர்னல் சைட்டுக்கான என்ட்ரி) உள்ள போயி, கிளையன்ட் ஸ்கோப்ஸ் டேப்ல டெடிகேட்டட்னு முடியறதை கிளிக் பண்ணி, புது மேப்பர் (எந்த விவரத்தை எந்தப் பேர்ல அனுப்பணும்ங்கற செட்டிங்) போடுங்க. டைப் யூசர் பிராப்பர்ட்டி, பிராப்பர்ட்டி ஈமெயில்.

3. இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. ஃப்ரெண்ட்லி நேம்ல மெயில்னு போட்டா போதும்னு நெனைப்பாங்க, போதாது. அது மனுசங்க படிக்கறதுக்கு மட்டும். சைட்டு பக்கம் ஷிபொலெத் (சாம்லை வாங்கிப் படிக்கற சாஃப்ட்வேர்) இருந்தா நேம், நேம்ஃபார்மேட் (அந்த நேம் எந்த வகைன்னு சொல்றது) ரெண்டையும் சேத்துதான் பொருத்திப் பாக்கும், ரெண்டுல ஒண்ணு மாறினாலும் அந்த அட்ரிப்யூட்டே வராத மாதிரி தூக்கிப் போட்டுடும், ஸ்க்ரீன்ல எர்ரர் கூட காட்டாது. அதனால நேம்ல urn:oid:0.9.2342.19200300.100.1.3னு சின்ன எழுத்துல அடிங்க, அந்த எண்தான் மெயிலுக்கான ஓஐடி (அட்ரிப்யூட்டோட அடையாள எண்). நேம்ஃபார்மேட்ல பேசிக் வேணாம், யுஆர்ஐ ரெஃபரன்ஸ் எடுங்க. சைட்டு எதைக் கேக்குதுன்னு சந்தேகமா இருந்தா அவங்க மெட்டாடேட்டால ரிக்வெஸ்டட் அட்ரிப்யூட்னு தேடிப் பாருங்க, அங்க எழுதி இருந்தா அதை அப்படியே காப்பி பண்ணுங்க.

4. டிஸ்ப்ளே நேமுக்கு எண் 2.16.840.1.113730.3.1.241, சர்நேமுக்கு 2.5.4.4. இதே மாதிரிதான், ஆனா டிஸ்ப்ளே நேம் கீக்ளோக்ல பிராப்பர்ட்டியா கெடையாது, அதுக்கு மட்டும் டைப் யூசர் அட்ரிப்யூட் எடுங்க.

இந்த சர்நேம் நம்ம ஊருக்கு ஒரு தொல்லை. நம்ம பசங்களுக்கு இனிஷியல்தான், லாஸ்ட் நேம் காலியா கெடக்கும், காலியா இருந்தா கீக்ளோக் அந்த அட்ரிப்யூட்டையே அனுப்பாது, சர்நேம் கட்டாயம்னு வெச்சிருக்கற சைட்டு உள்ளயே விடாது. இனிஷியலை விரிச்சு அப்பா பேரை லாஸ்ட் நேம்ல போட்டுடுங்க, அட்மிஷன் லிஸ்ட்ல எப்படியும் இருக்கும். முழுப்பேரை டிஸ்ப்ளே நேம்ல தனியா அனுப்புங்க. பசங்க பேரு அவங்க எழுதற மாதிரியே தெரியணும்ங்கறது எனக்கு ரொம்ப முக்கியம்.

பேரைத் தமிழ்லயே வெச்சாலும் பிரச்சனை இல்ல, யுடிஎஃப்-8ல சரியாப் போவும். எல்டாப் (யூசர் விவரம் வெக்கற டைரக்டரி) சர்ச்ல ரெண்டு கோலன் போட்டு புரியாத எழுத்தா காட்டினா பயப்படாதீங்க, அது பேஸ்64ங்கற வடிவத்துல மாத்திக் காட்டறது, டேட்டா கெட்டுப் போவல.

அப்டேட்: டிரேசர்ல அட்ரிப்யூட்டே தெரியலன்னு ராணிப்பேட்டைல இருந்து ஒருத்தர் கேட்டாரு. அசெர்ஷனை (அட்ரிப்யூட்டெல்லாம் இருக்கற சாம்ல் செய்தி) என்க்ரிப்ட் பண்ணி இருந்தா தெரியாதுங்க. டெஸ்ட் கிளையன்ட்ல கீஸ் டேப் போயி என்க்ரிப்ட் அசெர்ஷன்ஸ ஆஃப் பண்ணிப் பாருங்க, பாத்ததும் மறக்காம ஆன் பண்ணிடுங்க.