உங்கள் ஊரில் உண்மையில் எத்தனை வீடு எழுந்தது? கவுன்சில் அறிக்கையைப் படிக்கும் வழி

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு பிளாட் கட்டினார்கள். கவுன்சிலின் ஆண்டு அறிக்கைப் பட்டியலில் ஐந்து என்று போட்டிருந்தது. தப்பைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் மின்னஞ்சல் தட்டினேன். இடித்த வீட்டைக் கழித்தால் ஐந்துதானே என்று பதில் வந்தது. அசடு வழிந்தபடி அன்றுதான் அந்த அறிக்கையை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் முறைகள் வேறு.

படி 1: அறிக்கையைத் தேடுங்கள்

கவுன்சில் இணையதளத்தில் ‘ஆத்தாரிட்டி மானிட்டரிங் ரிப்போர்ட்’ (Authority Monitoring Report) என்று தேடுங்கள். 2004-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. முன்பு அமைச்சருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011-க்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று ஆயிற்று. கணக்காண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மே மாதம் குடிவந்த கட்டடத்தை அதற்கு முந்தின மார்ச்சோடு முடிந்த ஆண்டில் தேடினால் கிடைக்காது.

படி 2: அனுமதி வேறு, வீடு வேறு

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுதான். அனுமதி பெற்றவை, வேலை தொடங்கியவை, முடிந்தவை என்று மூன்று கணக்கு இருக்கும். செய்திகளில் பெரிதாக அடிபடுவது முதல் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது.

அனுமதி பொதுவாக மூன்று ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால் காலாவதி ஆகாது. ‘தொடங்குவது’ என்றால் எவ்வளவு? அஸ்திவாரத்துக்கு ஒரு பள்ளம் தோண்டினாலே சட்டப்படி தொடங்கியதாகிவிடும். பள்ளத்தை வெட்டி, அனுமதியைக் காப்பாற்றிக்கொண்டு, நிலத்தின் விலை ஏறக் காத்திருக்கலாம். ‘தொடங்கியவை’ கட்டத்தில் ஒரே மனை ஆண்டுக்கணக்காக நின்றால் சந்தேகப்படுங்கள்.

படி 3: கழித்த பிறகு மிஞ்சுவது

‘நெட்’ என்று எழுதியிருக்கும் எண்ணை எடுங்கள். ‘கிராஸ்’ என்பது இடித்ததைக் கழிக்காத எண். என் மின்னஞ்சல் கதைதான், மேலே சொல்லிவிட்டேன்.

படி 4: இலக்கோடு ஒப்பிடுங்கள்

வடமேற்கு லண்டனில் உள்ள ஹாரோவை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த லண்டன் திட்டம் (லண்டன் மேயர் வெளியிடும் வளர்ச்சித் திட்டம்) ஹாரோவுக்குப் பத்தாண்டில் 8,020 வீடு என்று இலக்கு வைத்தது. ஆண்டுக்குச் சராசரி 802.

அடுத்து ஐந்தாண்டு நிலக் கணக்கு, அதாவது வரும் ஐந்தாண்டுக்குத் தேவையான வீடுகளைக் கட்ட மனை இருக்கிறதா என்ற கணக்கு. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஆண்டுத் தேவை 800 என்றால் ஐந்தாண்டுக்கு 4,000. அதன்மேல் 5 சதவீதம் கூடுதல் சேர்த்தால் 4,200, அதாவது ஆண்டுக்கு 840. ஐந்தாண்டுக்குள் கட்டி முடிக்கக்கூடிய மனைகளில் 3,570 வீடுதான் வரும் என்றால், 3,570-ஐ 840-ஆல் வகுங்கள்: 4.25 ஆண்டு. ஐந்துக்குக் கீழே போய்விட்டதால், அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது தராசு பொதுவாகக் கட்டுமானக்காரர் பக்கம் சாயும். கவுன்சில் அனுமதி மறுத்தால், மேல்முறையீட்டில் அவர்கள் முதலில் தூக்கிக் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

படி 5: வேலை நிலம் எங்கே போனது?

வீடுகளை எண்ணுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் முதலில் திறப்பதே இதைத்தான். தொழிற்சாலை (பயன்பாட்டு வகுப்பு பி2), கிடங்கு (பி8), அலுவலகம் ஆகியவை சதுர மீட்டரில் இருக்கும். கூடியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். ஹாரோவின் வீல்ட்ஸ்டோனில் நூறாண்டுக்கு மேல் ஓடிய கோடாக் தொழிற்சாலை 2016-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று குடியிருப்புகள். வீட்டுக் கணக்கில் வரவு, வேலைக் கணக்கில் பற்று.

இங்கே இரண்டு ஓட்டைகள் உண்டு. 2013 முதல் பல அலுவலகங்களை முழு அனுமதி இல்லாமலே பிளாட்டாக மாற்றலாம். ‘பிரையர் அப்ரூவல்’ (சில விஷயங்களை மட்டும் பார்த்துத் தரும் முன் ஒப்புதல்) போதும். அதைத் தனியாகத் தேடுங்கள். இன்னொன்று, 2020 செப்டம்பர் முதல் அலுவலகம், கடை, உணவகம், ஜிம் எல்லாம் ‘ஈ’ என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பு. அலுவலகம் கடையாக மாறினால் பொதுவாக விண்ணப்பமே தேவையில்லை. விண்ணப்பம் வராத மாற்றம் கவுன்சில் பட்டியலில் எப்படி ஏறும்?

படி 6: ஒரு மனையைப் பின்தொடருங்கள்

உங்களுக்குத் தெரிந்த ஒரு மனையின் விண்ணப்ப எண்ணைக் கவுன்சிலின் திட்டமிடல் பதிவேட்டில் போடுங்கள். வடிகால், செங்கல் நிறம், மரம் நடுவது என்று நிபந்தனைகளை நிறைவேற்றும் சிறு விண்ணப்பங்கள் வரிசையாக வந்திருந்தால் கட்டுகிறவர் உண்மையாகவே கட்டப்போகிறார். ஒன்றுமே இல்லையென்றால் பள்ளம் மட்டும்தான்.

பிறகு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் குப்பைத் தொட்டி இருந்தால் ஆள் வந்தாயிற்று. எங்கள் தெருமுனை ஆறு பிளாட்டில் நான்குக்குத் திரை தொங்குகிறது. மீதி இரண்டில் ‘வாடகைக்கு’ பலகை.