வெப் ஆப்புக்குத் தானியங்கி டெஸ்ட்: டேட்டாபேஸைப் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள்

ஒரு பட்டனின் நிறத்தை மாற்றப்போய் லாகின் பக்கமே படுத்துவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிரவுசரைத் திறந்து எல்லாப் பக்கங்களையும் நாமே க்ளிக் செய்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையை மெஷின் தலையில் கட்டுவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

நான் எடுத்துக்கொண்ட கருவி பிளேரைட். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி இது. பிரவுசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும். குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் என்ற மூன்று பிரவுசர் வகைகளிலும் ஓடும். இதேபோன்ற செலினியமோ சைப்ரஸோ பழகியவர்கள் அதிலேயே செய்யலாம், முதல் படி யாருக்கும் மாறாது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

படி 1: தனி டேட்டாபேஸ்

பெரும்பாலானோர் கருவியை இன்ஸ்டால் செய்வதில் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். டெஸ்டுக்கு முன்னால் பயனர் டேபிளைக் காலி செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், ஆப் எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும் என்று சொல்லும் என்விரான்மென்ட் ஃபைலில் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். காலியானது டீம் பயன்படுத்தும் டேட்டாபேஸ். டீமில் நான்கு பேர் ஒரே நேரத்தில் "லாகின் ஆகலையே, என்னாச்சு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

அதனால் டெஸ்டுக்கென்று புதிதாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். பெயர் 'டெஸ்ட்' என்று முடியட்டும். காலி செய்யும் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே அந்தப் பெயரைச் சரிபாருங்கள். பெயரின் முடிவில் 'டெஸ்ட்' இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். இந்த ஒரு வரி என்னைப் பிறகு இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்து, பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் 'ஸ்டார்ட்:டெஸ்ட்' என்று ஒரு ஸ்கிரிப்ட் சேருங்கள். அது வரிசையாக மூன்று வேலை செய்யட்டும்: டேபிள்களைக் காலி செய்து மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட்) ஓட்டுவது, மாதிரித் தரவை நிரப்புவது, ஆப்பை 3100 போர்ட்டில் கிளப்புவது. மாதிரித் தரவுக்கு இரண்டு பயனர், நான்கைந்து பொருள் போதும். மெயில் அனுப்பும் ஆப் என்றால் மெயில்பிட் போன்ற உள்ளூர் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். மெயில்கள் வெளியே போகாமல் அங்கேயே தங்கும்.

படி 2: இன்ஸ்டால்

நோட் ஜேஎஸ் இருந்தால் போதும். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'என்பிஎம் இனிட் பிளேரைட்@லேட்டஸ்ட்' என்று அடியுங்கள். சில கேள்விகள் கேட்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப் சர்வரிலேயே டெஸ்டைத் தானாக ஓட்டும் வசதி) வேண்டுமா என்பதற்கு மட்டும் ஆமாம் சொல்லுங்கள், மற்றவற்றுக்கு என்டர் தட்டினால் போதும்.

படி 3: கான்ஃபிக்

உருவான கான்ஃபிக் ஃபைலில் மூன்று பிரவுசர்கள் இருக்கும். ஒரு டெஸ்ட் எழுதினாலும் மூன்று முறை ஓடும், அதுவும் ஒரே நேரத்தில், ஒரே டேட்டாபேஸின் மேல். இப்போதைக்குக் குரோமியத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'பேஸ் யூஆர்எல்' இடத்தில் 3100 போர்ட்டின் முகவரியைக் கொடுங்கள். 'வெப் சர்வர்' பகுதியில் நாம் எழுதிய ஸ்டார்ட்:டெஸ்ட் கட்டளையும் அதே முகவரியும். அங்கே 'ரீயூஸ் எக்ஸிஸ்டிங் சர்வர்' என்று ஒன்று வரும், அதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ட்ரூவாக இருந்தால், அந்த முகவரியில் ஏற்கெனவே ஓடும் சர்வரையே பிளேரைட் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ப்ரோகிராம் எழுதத் திறந்துவைத்த சர்வரும் அதே போர்ட்டில் இருந்தால், டெஸ்ட் முழுக்க அந்த டேட்டாபேஸில் போய் விழும். பலரும் வழக்கமாக வைக்கும் 3000 போர்ட்டை விட்டு 3100க்குப் போனதும் இதற்காகத்தான்.

படி 4: முதல் டெஸ்ட்

தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் பிழைச்செய்தி வருகிறதா என்று பார்ப்போம். லாகின் பக்கத்துக்குப் போக 'பேஜ்.கோட்டு'. மின்னஞ்சல், பாஸ்வேர்டு கட்டங்களைப் பிடிக்க 'கெட்பைலேபிள்', நிரப்ப 'ஃபில்'. பட்டனைப் பிடிக்க 'கெட்பைரோல்', அப்புறம் 'க்ளிக்'. கடைசியில் 'எக்ஸ்பெக்ட்' போட்டு அந்தச் செய்தி 'டுபிவிசிபிள்' என்று உறுதிசெய்யுங்கள். தோற்றத்துக்காக வைக்கும் சிஎஸ்எஸ் கிளாஸை வைத்துப் பட்டனைத் தேடாதீர்கள். டிசைன் மாறும் அன்றே டெஸ்ட் உடையும்.

இரண்டு விநாடி காத்திரு என்று நடுவில் செருகவும் வேண்டாம். செய்தி வரும்வரை எக்ஸ்பெக்ட் தானாகவே 5 விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். ஆனால் அதன் முன்னால் 'அவெய்ட்' போட மறந்தால், சரிபார்ப்பு முடியும் முன்பே டெஸ்ட் முடிந்து பச்சை காட்டிவிடலாம். ஆகவே டெஸ்ட் பாஸ் ஆனதும் எதிர்பார்க்கும் செய்தியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி ஓட்டிப்பாருங்கள். சிவப்பு வராவிட்டால் அந்த டெஸ்ட் எதையும் பார்க்கவில்லை.

படி 5: ஓட்டுவது

'என்பிஎக்ஸ் பிளேரைட் டெஸ்ட்' என்றால் பிரவுசர் கண்ணில் படாமல் ஓடும். பின்னால் '--யூஐ' சேர்த்தால் ஒவ்வொரு க்ளிக்கையும் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். பழகும் வரை இதிலேயே இருங்கள்.

படி 6: கிட்ஹப்பில்

மெயின் அல்லது மாஸ்டர் பிராஞ்சுக்கு ப்ரோகிராமைப் புஷ் செய்தாலே அங்கேயும் டெஸ்ட் ஓட, இன்ஸ்டால் உருவாக்கிய யாம்ல் ஃபைல் இருக்கிறது. அதில் டேட்டாபேஸ் கிடையாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்கள் 'சர்வீசஸ்' பகுதியில் சேர்த்தே ஆக வேண்டும். தோற்ற டெஸ்டை அங்கே இன்னும் 2 முறை ஓட்டிப்பார்க்கும், முதல் மறுமுயற்சியில் ட்ரேஸும் (ஒவ்வொரு அடியின் பதிவு) சேமிக்கப்படும். ரிப்போர்ட் 30 நாள் அங்கேயே இருக்கும். இறக்கித் திறந்தால் எந்த க்ளிக்கில் பக்கம் எப்படி இருந்தது என்று படத்தோடு காட்டும்.