'ரகசியம்' என்று முத்திரை விழுந்த கோப்பு: சறுக்கும் இடங்கள்

ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனுவுக்கு "இது ரகசியம், வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்ததும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அரசு அலுவலகம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 1923-ல் வெள்ளைக்கார அரசு போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தோடு முரண்பாடு வந்தால், 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமே செல்லும். அதன் 22-வது பிரிவு இதைச் சொல்கிறது. மறுப்பவர் காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். மறுத்தது சரி என்று மேல்முறையீட்டில் நிரூபிப்பதும் பொதுத் தகவல் அலுவலரின் வேலை, மனுதாரருடையது அல்ல. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதில் 8(2)-ஐக் குறிப்பிடத் தவறாதீர்கள்: வெளியிடுவதால் கிடைக்கும் பொதுநலன், அதனால் வரும் பாதிப்பைவிடப் பெரிதென்றால், விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம்.

முழுக் கோப்பையும் கேட்டு, முழுவதுமாக மறுக்கப்பட்டுத் திரும்புவது இன்னொரு வழக்கம். எல்லைச் சாலை ஒப்பந்தமா? வரைபடத்தை நீக்கிவிட்டுச் செலவுக் கணக்கை மட்டும், ஒரு பகுதியைப் பிரித்துத் தரச் சொல்லும் தகவல் உரிமைச் சட்ட 10-வது பிரிவின்படி கேளுங்கள். 2011-ல் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலில் சேர்ந்த சிபிஐயிடம்கூட ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலைக் கேட்கலாம்.

நிருபர்கள் சறுக்குவது வேறு இடத்தில். ஆர்டிஐ இருக்கிறதே என்ற தைரியம் கைதிலிருந்து காப்பாற்றாது. ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவில், ரகசியம் என்று தெரிந்தே ஆவணத்தை வாங்கிக்கொள்வதும் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. 'பொதுநலனுக்காகத்தான் வெளியிட்டேன்' என்று வாதாட அந்தச் சட்டத்தில் தனி வழியே கிடையாது. டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் கைதானார். அவர் கணினியில் இருந்தது, பாகிஸ்தானில் ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வறிக்கை. அது எவருக்கும் கிடைக்கக்கூடியது என்று ராணுவ உளவுப் பிரிவு ஒப்புக்கொண்டு, அரசு வழக்கைத் திரும்பப் பெற்றபோது 2003 ஜனவரி ஆகியிருந்தது. அதுவரை திகார் சிறைதான். இணையத்திலிருந்து இறக்கிவைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று குறித்துவைப்பது வெட்டி வேலை இல்லை.

ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கை ஆளுக்கொரு மாதிரி மேற்கோள் காட்டுகிறார்கள். 'தி இந்து' வெளியிட்டவை திருடப்பட்ட ஆவணங்கள், நீதிமன்றம் அவற்றைப் பார்க்கவே கூடாது என்று 2019-ல் மத்திய அரசு வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ரகசிய முத்திரை குத்திய ஆவணம் அச்சாவதைத் தடுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அரசுக்குத் தரவில்லை என்றது. ஆனால் மறுஆய்வு மனுக்கள் அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடி ஆயின. வெளியிட்ட பிறகு வழக்கே வராது என்றும் அந்த ஏப்ரல் தீர்ப்பு சொல்லவில்லை.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, கையில் கிடைத்த நகலை அப்படியே படமெடுத்துப் போடுவது. ஓரத்தில் இருக்கும் சுருக்கொப்பம், நகல் எண், பேனாக் குறிப்பு ஆகியவற்றை வைத்தே யார் கொடுத்தது என்று பிடித்துவிடுவார்கள். செய்தி ஆதாரத்தைச் சொல்லும்படி பிரஸ் கவுன்சில் கட்டாயப்படுத்த முடியாது; 1978-ம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) அதைத் தடுக்கிறது. போலீசையோ நீதிமன்றத்தையோ அது கட்டுப்படுத்தாது. விவரத்தைத் தட்டச்சு செய்து வெளியிடுங்கள், காகிதத்தை வெளியே காட்டாதீர்கள்.