பொருந்தாத ரேம் ஸ்டிக்குகள்: சேர்த்துப் போட்டபின் வேகத்தை அளப்பது எப்படி

8 ஜிபி ஸ்டிக் இருக்கும் கணினியில் 16 ஜிபி ஒன்றைச் சேர்க்கிறோம். திரையில் 24 ஜிபி தெரிந்ததும் வேலை முடிந்தது என்று மூடியை மாட்டிவிடுவதுதான் வழக்கம். ஆனால் இப்படிச் சேர்ந்த நினைவகம் முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு பகுதி முழு வேகத்திலும் மறுபகுதி பாதி வேகத்திலும் ஓடலாம். ஒரே ஒரு தடவை ஓட்டிய அளவீட்டில் இது தெரியாது. அதனால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகவும், பிறகு சேர்த்தும், கடைசியில் நினைவகம் நிறைந்த நிலையிலும் அளக்க வேண்டும்.

கணக்குக்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: ஒன்று 8 ஜிபி டிடிஆர்4-2400 சிஎல்17, மற்றது 16 ஜிபி டிடிஆர்4-3200 சிஎல்22. டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை, 2400, 3200 என்பவை வேகம் (விநாடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம்), சிஎல் என்பது தாமதத்தைக் குறிக்கும் சுழற்சி எண்.

முதலில் காகிதத்தில் கணக்கு

சேனல் என்பது பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை. ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிபி. 2400 என்றால் 19.2 ஜிபி. இரண்டு சேனலும் சேர்ந்தால் இரட்டிப்பு. கலந்து போட்டால் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கிவிடும், ஆகவே நம் ஜோடி ஓடப்போவது 2400-இல். சிறிய ஸ்டிக்கின் 8 ஜிபியும் பெரியதில் 8 ஜிபியும் சேர்ந்து 16 ஜிபி வரை இரட்டைச் சேனல், உச்சம் 38.4. மீதி 8 ஜிபிக்குத் துணை இல்லாததால் 19.2 மட்டுமே. இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் மெமரி என்கிறது.

தாமதத்துக்கும் எளிய சூத்திரம் உண்டு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ஸ்டிக்கின் வேகத்தால் வகுக்க வேண்டும். 2400 சிஎல்17 என்றால் 14.2 நானோவினாடி, 3200 சிஎல்22 என்றால் 13.75. இந்த இரண்டுக்கும் இடையில் தாமதம் ஏறக்குறைய ஒன்றுதான். 3200 சிஎல்16 ஆக இருந்தால் 10 நானோவினாடி. அதைக் கலப்பில் இறக்கும்போதுதான் இழப்பு பெரிது.

லேபிளைப் படியுங்கள்

கொள்ளளவு, வேகம் தவிர 1ஆர்எக்ஸ்8, 2ஆர்எக்ஸ்8, 1ஆர்எக்ஸ்16 என்று ஒரு குறி இருக்கும். முதல் எண் ரேங்க், அதாவது ஒன்றாக இயங்கும் சிப் தொகுதிகளின் எண்ணிக்கை; கடைசி எண் ஒவ்வொரு சிப்பின் அகலம், பிட்டில். டிடிஆர்4-இல் எக்ஸ்16 சிப்புக்கு வங்கிக் குழுக்கள் (சிப்புக்குள் மாறி மாறி அணுகக்கூடிய பிரிவுகள்) 2 மட்டுமே, எக்ஸ்8-க்கு 4. அதே வேகம் அச்சிட்டிருந்தாலும் எக்ஸ்16 ஸ்டிக் பின்தங்குவது இதனால்தான். பலர் கவனிக்காமல் விடும் குறி இது.

வேகத்துக்கு முன் பிழைச் சோதனை

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உலோகச் சட்டகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கைக் கையில் எடுங்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டு, யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டுங்கள்; இலவசப் பதிப்பு 4 சுற்று வரை ஓடும். அடுத்து மற்றதைத் தனியாக, கடைசியாக இரண்டையும் சேர்த்து. நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பில் வேகம் அளப்பதில் பொருளில்லை.

தனியாகப் பிழையின்றி ஓடியவை சேர்ந்தால் பிழை காட்டுகின்றனவா? பெரும்பாலும் ஸ்டிக் பழுதில்லை, டைமிங் எனப்படும் தாமத எண்கள்தான் ஒத்துப்போகவில்லை. எக்ஸ்எம்பி (ரேமை அதிவேகத்தில் ஓட்ட பயாஸில் இருக்கும் தயார் அமைப்பு) ஒரு ஸ்டிக்கின் எண்களை இரண்டுக்கும் திணிப்பது இங்கே வழக்கமான காரணம். அதை அணைத்துவிட்டு, சிஎல் உட்பட ஒவ்வொரு டைமிங்கிலும் இரண்டில் பெரிய எண்ணைக் கையால் இடுங்கள். டிஆர்எஃப்சியை, அதாவது சிப் தன் தரவைப் புதுப்பிக்க எடுக்கும் நேரத்தை, மறக்க வேண்டாம்: டிடிஆர்4-இல் 8 ஜிகாபிட் சிப்புக்கு 350 நானோவினாடி, 16 ஜிகாபிட்டுக்கு 550. 2400-இல் இவை முறையே 420, 660 சுழற்சிகள். 1ஆர்எக்ஸ்8 என்று குறித்த 16 ஜிபி ஸ்டிக்கில் இருப்பவை 16 ஜிகாபிட் சிப்புகள். அதற்கு 420 கொடுத்தால் பிழை வர வாய்ப்பு மிக அதிகம். அப்போதும் சரியாகாவிட்டால் கமாண்ட் ரேட்டை (கட்டளை அனுப்ப எடுக்கும் சுழற்சிகளை) 2டி ஆக்குங்கள், அல்லது வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

ஸ்லாட்

நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு ஸ்டிக்குக்கு உரிய இடம் பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும், அதாவது ஏ2, பி2. மதர்போர்டு கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே சேனலில் போட்டுவிட்டால் மொத்தமும் ஒற்றைச் சேனல்தான். நான்கு ஸ்டிக் இருந்தால் சேனலுக்குச் சேனல் கூட்டுத்தொகை சமமாக வரவேண்டும்: இரண்டு 8, இரண்டு 4 என்றால் ஒவ்வொரு சேனலிலும் 8-உம் 4-உம்.

சிபியு-இசட் நிரலின் மெமரி பக்கத்தில் சேனலைப் பாருங்கள். அங்கே அதிர்வெண் பாதியாகத்தான் தெரியும், 2400-க்கு 1200. டிடிஆர்5-இல் ஒவ்வொரு ஸ்டிக்கும் இரண்டு 32 பிட் துணைச்சேனலாகப் பிரிந்திருப்பதால் 4 என்று காட்டினால் அது இரட்டைச் சேனல். டிடிஆர்5 ஸ்டிக்கை மாற்றியபின் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். நினைவகப் பயிற்சி நடக்கிறது, அதாவது கணினி ரேமுக்கு ஏற்ற அமைப்புகளைத் தானே தேடுகிறது, பொறுத்திருங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

அளவீடு

எய்டா64 நிரலின் நினைவகச் சோதனையையும், கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் நிரலில் உள்ள பெஞ்ச்மார்க்கையும் ஒவ்வோர் அமைப்பிலும் 5 தடவை ஓட்டி, நடு மதிப்பை எடுங்கள். பின்னணி நிரல்கள் மூடியிருக்கட்டும். 7-ஜிப்பில் சுருக்கும் வேகத்தைப் பாருங்கள், அது நினைவகத் தாமதத்தை நன்றாகக் காட்டும். விரிக்கும் வேகம் பெரும்பாலும் பிராசசரைப் பொறுத்தது.

ஏஎம்டியின் ரைசன் 3000, 5000 வரிசையில் கோர்கள் இருக்கும் சிப்லெட் (சிறு சிப்) ஒன்றே உள்ள பிராசசர்களில் எழுதும் வேகம் படிக்கும் வேகத்தில் பாதியாகத் தெரியும். அது அந்தப் பிராசசரின் அமைப்பு, ஸ்டிக்கின்மேல் பழி போடவேண்டாம்.

இனி ஒற்றைச் சேனல் பகுதியைப் பிடிக்கவேண்டும். சிறிய அளவீட்டின் தரவு எந்தப் பகுதியில் விழுமென்பது இயங்குதளத்தின் கையில் இருக்கிறது. மறுதொடக்கம் செய்து செய்து ஓட்டும்போது எண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் ஃப்ளெக்ஸ் எல்லையைத் தாண்டித் தாண்டி வருகிறீர்கள் என்று கொள்ளலாம். உறுதியான வழி ஸ்ட்ரீம் என்ற நினைவக வேக அளவீட்டு நிரல். அதை நாமே கம்பைல் செய்து ஓட்டவேண்டும். அதன் மூன்று அணிகளுக்கும் தலா 80 கோடி உறுப்பு கொடுத்தால், உறுப்புக்கு 8 பைட் வீதம், மொத்தம் 19.2 ஜிபி. 16 ஜிபிக்குள் அது அடங்காது. அணி 2 ஜிபியைத் தாண்டுவதால் கம்பைலரில் மெமரி மாடலை மீடியம் ஆக்கவேண்டும், இல்லையேல் இணைப்புக் கட்டத்தில் நின்றுவிடும். பிறகு மொத்தம் 3 ஜிபி வரும்படி அணிகளைக் குறைத்து ஓட்டி ஒப்பிடுங்கள். பெரிய அணியில் வேகம் தெளிவாக இறங்கினால் கலப்பின் விலை அதுதான்.

எண்களை வைத்து முடிவெடுப்பது

16 ஜிபி ஸ்டிக் தனியாக 25.6 உச்சத்தில் ஓடும். கலப்பில் முதல் 16 ஜிபி 38.4, கடைசி 8 ஜிபி 19.2. உங்கள் வேலை 16 ஜிபிக்குள் முடிந்தால் பெரும்பாலும் கலப்பே வேகம். அதைத் தாண்டினாலும் ரேமில் இடமில்லாமல் தரவு எஸ்எஸ்டிக்கு ஸ்வாப் ஆவதைவிட 19.2 எவ்வளவோ மேல். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுபவர்களுக்கு இரட்டைச் சேனலின் பலன் மிகத் தெளிவாகத் தெரியும்; ஒற்றை ஸ்டிக்கோடு நிற்காமல் கலந்து போடுவதே அவர்களுக்கு நல்லது. 3200 சிஎல்16 ஜோடி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து, 16 ஜிபியும் போதுமென்றால், அதில் 2400 ஸ்டிக்கைச் சேர்க்காதீர்கள்.